உழக்குறது ரெண்டு பேர்

எங்களிடம் ஒரு சைக்கிள் இருக்கிறது. இரண்டு சீற், இரண்டு ஹாண்டில், நான்கு பெடல். 2022இல் பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற நாட்களில், இரண்டு பழைய சைக்கிள்களை வெட்டி ஒட்டுவித்து எடுத்தது. அழகில்லை, ஆனால் ஓடும்.

நாங்கள் இரண்டு பேர். எங்களில் ஒருவனுக்குக் கண் தெரியாது. மற்றவனுக்குத் தெரியும், அதனால் அவன் முன்னுக்கு. முன்னுக்கு இருப்பவன் ஐந்தடி பதினொரு அங்குலம், பின்னுக்கு இருப்பவன் ஐந்தடி ஒரு அங்குலம். இந்தப் பத்து அங்குலத்தைப் பற்றி இரண்டு மாதமாக நாங்கள் யோசிக்கவே இல்லை. பின் சீற்றைப் பதித்தோம், அவ்வளவுதான்.

பிறகு ஒருநாள் பருத்தித்துறை போய்த் திரும்பி வந்து இறங்கியதும், பின்னுக்கு இருந்தவன் படியில் இருந்துகொண்டு முழங்காலைத் தடவினான்.

"என்னடா?"

"ஒண்டுமில்லை மச்சான்."

"சொல்லடா."

"போன மாசத்திலயிருந்து நோகுது."

"ஏன்ரா முதலே சொல்லேல்லை?"

"கூட்டிக்கொண்டு போறவனிட்டை எப்பிடிக் குறை சொல்லுறது?"

அந்தப் பதில் எங்கள் இரண்டு பேருக்கும் நல்லதாக இல்லை. கூட்டிக்கொண்டு போவதென்றால் கரியரில் ஏற்றிக்கொண்டு போவது. இதில் இரண்டு பேரும் உழக்குகிறோம். ஆனால் ஊர் அப்படிப் பார்ப்பதில்லை. "பாவம், சிநேகிதனை ஏத்திக்கொண்டு திரியுறான்" என்று றோட்டோரம் சொல்பவர்களைக் கேட்டுக் கேட்டு, நாங்களும் அதைப் பாதி நம்பிவிட்டோம்.

அன்று பின்னேரம்தான் அளவு நாடாவை எடுத்தோம்.

பெடலைத் தாங்கி நிற்கும் கைதான் கிராங்க். அதன் நீளத்தை அச்சின் நடுவிலிருந்து பெடல் பூட்டும் ஓட்டையின் நடுவரைக்கும் அளக்க வேண்டும். எங்களுடையது முன்னுக்கும் பின்னுக்கும் 170 மில்லிமீற்றர். பெரியாட்களின் சைக்கிள்களில் சாதாரணமாக வருகிற அளவு. கால் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு கிராங்க் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. சட்டமில்லை, தொடங்குவதற்கு ஒரு வழி. சுவரோடு நின்று, கால்களுக்கு நடுவில் ஒரு கொப்பியை இறுக்கி, நிலத்திலிருந்து அளந்தோம். முன்னவனுக்கு 86 சென்ரிமீற்றர், ஐந்தால் பிரித்தால் 172 மில்லிமீற்றர். அவனுக்குக் கச்சிதம். பின்னவனுக்கு 71 சென்ரிமீற்றர், அதாவது 142. இருபத்தெட்டு மில்லிமீற்றர் கூடின கிராங்கை அவன் இரண்டு மாதமாக உழக்கியிருக்கிறான்.

தனிச் சைக்கிள் என்றால் களைத்தால் மெதுவாக உழக்கலாம், நிறுத்திவிட்டு உருளலாம். இதில் அது நடக்காது. முன் கிராங்கையும் பின் கிராங்கையும் ஒரு செயின் இணைக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கைப் பல்லு. முன்னவனின் கால் ஒரு சுற்றுச் சுற்றினால் பின்னவனின் காலும் ஒரு சுற்று, விருப்பமோ இல்லையோ. 170இல் ஒரு சுற்றுக்குக் கால் போகும் தூரம் 107 சென்ரிமீற்றர். நீளக் காலுக்கு அது சின்ன வட்டம். கட்டைக் காலுக்கு ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் நெஞ்சுக்கு ஏறி இறங்கும்.

வேகம் பொது. கியர் பொது. விழுந்தால் காயமும் பொது. சீற்றையும் ஹாண்டிலையும் விட்டால், அவரவர் காலுக்கென்று தனியாக மாற்றக்கூடியது கிராங்க் ஒன்றுதான். அதைத்தான் நாங்கள் பார்க்காமல் விட்டிருந்தோம்.

கட்டைக் கிராங்க் தேடினோம். சிறுவர் சைக்கிளில் இருக்கிறது, ஆனால் எங்கட பின் வலது கிராங்கில் இரண்டு பல்லுச் சில்லு இருக்கிறது. ஒன்று முன்னுக்குப் போகும் செயினுக்கு, மற்றது பின் சில்லுக்கு. அதைக் கழற்றி வேறொன்றைப் போடுவது லேசில்லை. கடைசியில் லீவுக்கு வந்த ஒரு மாமா கொண்டுவந்து தந்தது கிராங்கின் மேல் இறுக்கிப் பூட்டும் இரும்புத் துண்டு, இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொன்று. அதில் பெடலுக்கான ஓட்டைகள் உள்ளுக்குத் தள்ளி இருக்கும். பிள்ளைகளைப் பின்னுக்கு வைத்து ஓடுபவர்கள் பாவிப்பது.

பூட்டியது பின்னவன்தான். கை தடவியே ஸ்பனர் பிடிப்பான். இடப்பக்கப் பெடலுக்கு எதிர்ப்புரி, அதைக் கழற்ற மற்றப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதை முன்னவனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான்.

முதலில் ஆக உள் ஓட்டையில் பூட்டினோம், 130. முழங்கால் நோகவில்லை, ஆனால் காற்றை மிதிக்கிறமாதிரி இருக்கு என்றான். கிராங்க் குறைந்தால் நெம்பும் நீளமும் குறையும். நின்ற இடத்திலிருந்து பாரமான சைக்கிளை எடுக்கும்போது அது தெரிந்தது. "நான் சும்மா இருக்கிறமாதிரிக் கிடக்கு. எனக்கு இது வேண்டாம்." அடுத்த ஓட்டை 148. அதில் நின்றோம். கணக்கு 142 என்றது, கால் 148க்கு ஓம் என்றது. காலைத்தான் நம்பினோம்.

22 மில்லிமீற்றர் குறைத்ததால் பின் சீற்றை அதே 22 உயர்த்தினோம். இல்லாவிட்டால் கீழே கால் நீளாது. இரண்டும் சேர, மேலே வரும்போது முழங்காலுக்கு 44 மில்லிமீற்றர் இடம் கிடைத்தது. நாலு விரல் அகலமும் இல்லை. ஆனால் மூன்று கிழமையில் நோவு விட்டுப்போனது. குறையும் உண்டு. பெடல் கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கிறது, அதோடு அந்த ஆணிகளை அடிக்கடி இறுக்க வேண்டும். ஒருமுறை இளகியபோது "டிக், டிக்" என்ற சத்தத்தை முதலில் பிடித்தது பின் சீற்தான்.

போன சோளகத்தில் பண்ணைப் பாலத்தால் மண்டைதீவுப் பக்கம் போனோம். எதிர்க்காற்று, இரண்டு பக்கமும் கடல். பாதி வழியில் முன்னவன் சளைத்துப்போனான்.

"மச்சான், ஏலாமக் கிடக்குடா."

"முதலே சொல்லியிருக்கலாமே," என்று பின்னுக்கிருந்து சிரிப்பு. பிறகு பெடலில் ஒரு தள்ளல் வந்தது. அது முன்னவனின் காலுக்குத் தெரிந்தது.

பாலத்தடியில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு ஐயா கேட்டார்: "பின்னுக்கு இருக்கிற தம்பியும் உழக்குறாரோ?"

"ஓம் ஐயா," என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.