கையறிவு

வன்னி மக்களுக்குப் பெல்ற் புதிய பொருளன்று. நெல்லாலையில் எஞ்சினின் வலுவை அரைக்கும் உருளைக்குக் கொண்டு செல்வது பெல்ற். வயலில் உழும் லாண்ட்மாஸ்ரரை நகர்த்துவதும் பெல்ற். அது தளர்ந்தால் வழுக்கும், மிகை இறுக்கினால் பெயாரிங் தேயும் என்பதை உழவனின் விரல் அறியும். இவ்வறிவு எந்தப் பாடநூலிலிருந்தும் வந்ததன்று. ஆனால் அதே பெல்ற் ஒரு காரின் மூடிக்குள் ஓடும்போது, படித்த நம் கூட்டம் ஒதுங்கி நிற்கிறது. "அது கராச்சுக்காரன் வேலை" என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொள்கிறது. இந்த ஒதுக்கம் எங்கிருந்து வந்தது என்பதை எண்ணிப் பார்ப்பது ஆசிரியராகிய நமக்குக் கடமை.

நாம் பாடசாலையொன்றில் தமிழ் கற்பிக்கிறோம். வாழ்வது முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்கிராமமொன்றில். பொழுது சாய்ந்தபின் அங்கே பேருந்து கிடையாது. நம்மிடம் இருப்பது பல கை மாறி வந்த ஜப்பானியக் கார். பத்திரத்தில் நம் பெயர் இருந்தாலும் அது தெருவின் வண்டி. பாம்பு தீண்டியவரையும் பேற்று நோவெடுத்தவரையும் இரவில் வைத்தியசாலைக்குச் சுமப்பது அதுதான். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்தது. திறந்தபின்னும் புதிய கார் ஆசிரியச் சம்பளத்துக்கு எட்டும் பொருளன்று. பழையதைக் காப்பாற்றியே ஆக வேண்டும்.

அந்தக் கார் காலையில் முடுக்கும்போது கீச்சிடத் தொடங்கியது. எஞ்சினின் முகப்பில் ஓடும் ஒரே பெல்ற், டைனமோ என்று ஊரார் வழங்கும் மின்பிறப்பாக்கியையும் நீர்ப்பம்பியையும் குளிரூட்டியையும் சேர்த்துச் சுழற்றுகிறது. அது அறுந்தால் பற்றரிக்குச் சார்ச் ஏறாது, நீர் ஓடாது, சிறிது நேரத்தில் எஞ்சின் கொதித்துவிடும். நள்ளிரவில், காட்டு வழியில், நோயாளியோடு அப்படி நிற்க எவருக்குத் துணிவு வரும்?

பக்கத்து வளவில் வாழும் பெரியவர் ஒருகாலத்தில் பெயர் பெற்ற மெக்கானிக். 2009இல் செல் வீச்சில் வலது கையை முழங்கைக்குக் கீழே இழந்தவர். வேலியருகில் நின்று ஒலியைக் கேட்டே, "பெல்ற் மட்டுமில்லை ரீச்சர், ரென்சனரும் போச்சு. இரண்டையும் எடுப்பியுங்கோ" என்றார். கொழும்புப் பஞ்சிகாவத்தையிலிருந்து இரண்டும் பேருந்தில் வந்து சேர்ந்தன. "அண்ணை, ஆர் பூட்டுறது?" என்று கேட்டோம். "நீங்கள்தான். நான் பக்கத்தில நிக்கிறன்" என்றார்.

எஞ்சின் ஆறும்வரை காத்திருக்கச் செய்தார். பற்றரியின் எதிர்முனை வயரைக் கழற்றுவித்தார். அடுத்து அவர் கேட்டது ஸ்பானர் அன்று, பென்சில்.

"முதல்ல பெல்ற் ஓடுற வழியைக் கொப்பியில கீறுங்கோ. கழட்டினாப் பிறகு ஒருத்தருக்கும் ஞாபகம் வராது."

கீறினோம். எந்தக் கப்பியின் மேலே செல்கிறது, எதன் கீழே மடிகிறது, எதனை முதுகால் தொடுகிறது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். இலக்கண வகுப்பில் வாக்கியத்தைப் பகுத்துக் காட்டும் ஆசிரியரின் பொறுமை அவரிடம் இருந்தது.

ரென்சனர் என்பது சிறு புயமொன்றில் பூட்டிய கப்பி. உள்ளே முறுக்கிய வில் ஒன்று அதனைப் பெல்ற்றின்மேல் ஓயாது அழுத்திக்கொண்டிருக்கும். பெல்ற் நாட்பட நீண்டு தேயும்போது புயமும் நகர்ந்து இறுக்கத்தைக் காக்கும். பழைய கார்களில் இஃதில்லை. டைனமோவை நெம்பி, போல்ற்றை முறுக்கி, பெருவிரலால் அமுக்கி இறுக்கம் பார்ப்பர். அந்த விரலின் வேலையை இன்று வில் செய்கிறது. நீண்ட ஸ்பானரால் புயத்தை வில்லுக்கு எதிராகத் திருப்பினோம். பெல்ற் தளர்ந்து கழன்றது. பழைய ரென்சனரின் கப்பியைச் சுழற்றிப் பார்க்கச் சொன்னார். மணலை அரைப்பதுபோல் கரகரத்தது.

"இதை விட்டுவைச்சா புதுப் பெல்ற்றையும் தின்னும்."

மற்றக் கப்பிகளையும் அவ்வாறே சுழற்றி ஒலி கேட்டபின் புதிய ரென்சனரைப் பூட்டினோம். கீறிய வழியே பெல்ற்றை ஓட்டினோம். அதன் ஆறு வரிகளும் கப்பியின் பள்ளங்களில் அமர்ந்தனவா என்பதைத் தம் இடக்கை விரலால் அவரே தடவிப் பார்த்தார். பற்றரியை இணைத்து முடுக்கினோம். கீச்சொலி இல்லை.

இவ்வறிவை அவர் எங்கே கற்றார்? 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்கின்மீது பொருளாதாரத் தடை விழுந்தது. எரிபொருள், பற்றரி, உதிரிப்பாகம், சீமெந்து எல்லாம் தடைப்பட்டன. ஒஸ்ரின் கேம்பிறிட்ஜையும் மொறிஸ் மைனரையும் சில துளி பெற்றோலில் முடுக்கி மண்ணெண்ணெயில் ஓட்டினர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். நாம் எழுத்துக் கூட்டிப் படித்தது ஜாம் போத்தல் விளக்கின் ஒளியில். அந்நாளில் பான் பெல்ற் அறுந்தால் சைக்கிள் ரியூப்பை முறுக்கிக் கட்டி அடுத்த ஊர்வரை ஓடியதைப் பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஆயினும் அந்தக் காலத்தைத் தன்னிறைவின் பொற்காலமாகப் பேசுவோருடன் நாம் உடன்படோம். மண்ணெண்ணெய் எஞ்சினைக் கெடுத்தது. அதன் புகை மனிதரின் நெஞ்சைக் கெடுத்தது. மருந்தும் மட்டுப்படுத்தப்பட்ட மண்ணில் எத்தனை புத்திக்கூர்மைதான் உயிரைக் காக்கும்? மக்களின் ஆற்றல் போற்றத்தக்கது. அதனைப் பிழிந்தெடுத்த கொடுமை போற்றத்தக்கதன்று. இருபது ஆண்டு ஒட்டி ஒட்டிக் காப்பாற்றிய வண்டிகளை, பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என நீண்ட பாதையில் மக்கள் 2009இல் கைவிட்டனர். செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமுக்குப் பலர் உடுத்த துணியோடு வந்தனர். கற்ற தொழிலறிவு மட்டுமே அவர்களிடம் எஞ்சியது. அந்த அறிவைச் செய்துகாட்டும் கையையே இழந்து வந்தவரும் உண்டு.

அவ்வறிவுக்கு நம் கல்விக்கூடங்கள் என்ன இடம் கொடுத்தன? உயர்தரத்தில் தொழினுட்பப் பாடத்துறை 2013இல் வந்தது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. அங்கேயே இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகம் 2016இல் திறக்கப்பட்டது. தொழிலிற் பெற்ற அனுபவத்தைச் சோதித்துத் தேசியத் தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்கும் முறையும் நாட்டில் உண்டு. இவை நல்லவை. ஆனால் எட்டாம் வகுப்போடு நின்ற பெரியவரிடம் அச்சான்றிதழைப் பற்றி இதுவரை எவரும் சொன்னதில்லை. மறுபுறம், கணக்கில் தவறும் மாணவனை நோக்கி "நீ கராச்சுக்குத்தான் போவாய்" என்னும் வசை இன்னும் வகுப்பறைகளில் ஒலிக்கிறது. அவனுடைய தகப்பன் அந்தக் கராச்சில்தான் வேலை செய்கிறான் என்பதைக்கூட அந்த வாய் எண்ணுவதில்லை.

கையால் உழைப்பவனைக் கீழே வைத்த பழைய சமூகத்தின் குரலே அது. சாதியின் பெயரைச் சொல்ல நாணுவோர், தொழிலின் பெயரால் அதனைச் சொல்லிவிடுகின்றனர். தொழினுட்பப் பாடத்தை எத்தனை அழகாக வகுத்தாலும், இக்குரல் அடங்காதவரை அப்பாடத்துக்கு வரும் பிள்ளை தலைகுனிந்தே வருவான்.

பெரியவர் போன்றோரை நம் பாடசாலைகளுக்கு அழைக்க வேண்டும். விழாவில் பொன்னாடை போர்த்தி அனுப்புவதற்காக அன்று. உரிய ஊதியம் கொடுத்து, மாணவரின் கைகளைப் பழக்குவதற்காக. அவர் சொல்லச் சொல்ல நாம் எழுதியும் வைக்க வேண்டும். கப்பியின் ஒலி கேட்டு நோயறியும் அந்தச் செவி அவரோடு அடங்கிவிட்டால், அதை மீட்டுத் தரும் நூல் எதுவுமில்லை. கராச் தண்டனைக்குரிய இடமன்று, பாடம் நடக்கும் இடம் என்பதை மாணவர் முதலில் ஆசிரியரின் வாயிலிருந்தே கேட்கட்டும்.