சாளைக்கு அனுமதி வாங்கோணுமா?

ஒரு மாசமா எங்க வீட்டுல சாளைப் பேச்சுத்தான். எங்க கொங்குப் பக்கம் மாட்டுக் கொட்டகையைச் சாளைன்னு சொல்லுவோம். அப்பா காலத்துல வீட்டுக்குப் பின்னால தென்னங்கீத்து வேய்ஞ்சு போட்டது. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா கீத்து மாத்தோணும். இப்பெல்லாம் வேயறதுக்கு ஆள் கெடைக்கறதில்ல. இரும்பு பைப் நட்டு, மேல தகரம், கீழ சிமெண்டுத் தரைன்னு முடிவு பண்ணினோம்.

பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். எங்களை ஒட்டியிருந்த சோளக்காடு சைட்டான பிறகு, டவுன்ல வேலை பார்த்து ரிட்டையர் ஆகி வந்தவர். "ஏனுங்க, நிரந்தரமாக் கட்டறதுன்னா அனுமதி வாங்கோணுமில்லைங்களா? என் செவுத்தை ஒட்டியே வருதுங்களே"ன்னார். சண்டைக்கு வர்ற ஆள் இல்ல. மழை பேஞ்சா மாட்டு மூத்திரமும் தண்ணியும் அவர் செவுத்தோரம் தேங்குது. அவர் கேக்கறதுலயும் ஞாயம் இருக்குது.

விசாரிச்சுப் பாத்தேன். மாநகராட்சி ஆனாலும் கிராம ஊராட்சி ஆனாலும், 2019-ல வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள்தான் எல்லாத்துக்கும். வீடு கட்டறவங்களுக்கு 2024 ஜூலையில இருந்து சுயசான்று முறை வந்திருக்குது. 2,500 சதுர அடி வரைக்கும் உள்ள மனையில, 3,500 சதுர அடிக்குள்ள வீடுன்னா, பட்டா, பத்திரம், வரைபடமெல்லாம் ஆன்லைன்ல ஏத்திப் பணம் கட்டி உடனே அனுமதி எடுத்துக்கலாம். முன்கூட்டி ஆள் வந்து பாக்கறதில்ல. நல்ல ஏற்பாடு. இதைப் படிக்கறவங்கள்ல ஊர்ப்பக்கம் சின்னதா வீடு கட்ட நெனைக்கறவங்களுக்கு உபயோகப்படும்.

நாலு மாட்டுச் சாளைக்கு என்ன வழின்னு கேட்டாத்தான் ஆளுக்கொண்ணு சொல்றாங்க. தகரந்தானே, தேவையில்லைன்னார் ஒருத்தர். சிமெண்டுத் தரை போட்டா அது கட்டடம்னார் இன்னொருத்தர். இத்தனைக்கும் நூறு நாள் வேலைத் திட்டத்துல அரசாங்கமே மாட்டுக் கொட்டகை கட்டிக் குடுத்திருக்குது.

"பேசாம தோட்டத்துல போட்டுக்குங்க மாமா, யாரும் கேக்க மாட்டாங்க"ன்னு ஒரு தம்பி யோசனை சொன்னான். தோட்டம் ஒன்றரைக் கிலோமீட்டர். வீட்டுல அம்மிணி காலைல நாலரைக்கு எந்திரிச்சுப் பால் கறக்கறா. அந்த இருட்டுல, மழைக்காலத்துல, பாம்பு பூரான் நடமாடற வரப்புல அவளைப் போகச் சொல்றதுங்களா? செனை மாடு ராத்திரி கத்துனா நம்ம காதுல விழோணும். போன வருசம் கன்னு கால் மாறி வந்தப்ப, சத்தம் கேட்டு ஓடினதாலதான் தாயும் கன்னும் தப்பிச்சுது. சாளைங்கறது வீட்டோட ஒரு பாகம். சமையக்கட்டைக் கொண்டுபோய்த் தோட்டத்துல வைப்போமா?

விதியில சுத்தி இடம் விடோணும்னு சொல்றது நல்லதுக்குத்தான். ஆனா எத்தனை அடி விட்டாலும் தண்ணி போற வாட்டம் சரியில்லைன்னா நாத்தம் நாத்தந்தான். அதனால செவுத்துல இருந்து அஞ்சடி தள்ளிக் குழி எடுத்தேன். தரையை எங்க பக்கமா வாட்டம் வெச்சு, வாய்க்கால் இழுத்து நாலு தென்னைக்குப் பாயற மாதிரி பண்ணியாச்சு. பக்கத்து வீட்டுக்காரரே வந்து கயிறு பிடிச்சார்.

ஊராட்சியில அளவெல்லாம் எழுதி மனுக் குடுத்து, வாங்கிக்கிட்டதுக்குக் கையெழுத்தும் வாங்கி வெச்சிருக்கறேன். பதில் இன்னும் வரலைங்க. பைப் நட்டாச்சு, தகரம் திண்ணையில கெடக்குது. செவலை மாட்டுக்கு இன்னும் இருபது நாள்தான் இருக்குது.