மெக்சிகோ வளைகுடாக் கரையில் – 3: முழங்காலளவு தண்ணீரில்
டெக்சாஸின் போர்ட் அரான்சாஸுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நேரே கடற்கரை மணலுக்குப் போய்விடுகிறார்கள். கயாக்கில் மீன் பிடிக்க வேண்டுமென்றால் ஊருக்குப் பின்பக்கம் போக வேண்டும். ஊர் இருக்கும் தீவுக்கும் நிலப்பகுதிக்கும் நடுவே ரெட்ஃபிஷ் பே என்ற உப்பங்கழி விரிந்து கிடக்கிறது. பல இடங்களில் முழங்காலளவுதான் தண்ணீர். அடியில் கடற்புல், நடுநடுவே அலையாத்தித் திட்டுகள். எஞ்சின் படகு புகுந்தால் அதன் காற்றாடி புல்லை வேரோடு சீவிவிடும். அந்தத் தடம் ஆறப் பல வருடங்கள் ஆகும். அதனால் 2006 முதல் இங்கே கடற்புல்லைப் பெயர்ப்பது குற்றம். கயாக்குக்கு ஒரு சாண் தண்ணீர் போதும். புல்லுக்கும் சேதமில்லை, மீனுக்கும் சத்தம் கேட்காது.

சென்ற பகுதியை கார்ப்பஸ் கிறிஸ்டியில் நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து வந்து தீவில் சமையலறையோடு கூடிய வீடு ஒன்று எடுத்துக்கொண்டோம். தூத்துக்குடியிலிருந்து மாமாவும் அத்தையும் கோடைக்கு வந்திருந்தார்கள். விடிவதற்கு முன்பே நானும் மனைவியும் மகளும் மாமாவும் 361-ஆம் நெடுஞ்சாலை ஓரத்தில் இரட்டைக் கயாக்குகளை இறக்கிவிட்டோம். அத்தை வீட்டிலேயே இருந்துகொண்டார். பதின்மூன்று வயதுக்குக் குறைந்தவர்கள் மிதவை உடுப்பைக் கழற்றவே கூடாது என்பது இங்குள்ள சட்டம். நாங்கள் எல்லோருமே போட்டுக்கொண்டோம்.

மாமா முதலில் கயாக்கைத்தான் ஆராய்ந்தார். இருக்கைக்குக் கீழே ஆரம்பித்து அடிப்பாகம் வரை ஊடுருவிப் போகும் துளைகளில் விரலை விட்டுப் பார்த்தார். "கட்டுமரம் கணக்கா ஏறுன தண்ணி தானா வடிஞ்சிருதே மாப்பிள்ளை" என்றார். பிறகு வானத்தைப் பார்த்தார். "காத்து இப்ப அசையல. வெயில் ஏறுச்சுன்னா எந்திரிக்கும், அதுக்குள்ள திரும்பிரணும்." இந்தக் கரையில் கடல் ஏற்றவற்றம் மிகக் குறைவு, ஒன்றிரண்டு அடிதான். தண்ணீரைத் தள்ளுவதும் இழுப்பதும் பெரும்பாலும் காற்றின் வேலை. கோடையில் தென்கிழக்குக் காற்று நடுப்பகலுக்குள் பலத்துவிடும். ஊருக்குப் புதிதாக வந்தவர் அதைச் சரியாகச் சொன்னார்.

படகுகள் விரையும் அரான்சாஸ் கால்வாயைக் குறுக்கே கடந்தால் லைட்ஹவுஸ் லேக்ஸ் என்னும் நீர்த்தடங்கள். கயாக்குக்காரர்கள் வழி தவறாதபடி எண் போட்ட கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். வலப்பக்கமும் இடப்பக்கமும் அலையாத்தி. தூரத்தில் 1857-இல் கட்டி முடித்த லிடியா ஆன் கலங்கரை விளக்கத்தின் செங்கல் கோபுரம். சேற்றுத் திட்டில் இளஞ்சிவப்புக் கரண்டிவாயன்கள் மேய்ந்தன.

தூண்டிலில் உயிர் இறால். அதற்கு ஒன்றரை அடி மேலே ஒரு தக்கை, தக்கையின் இரு பக்கமும் மணிகள். கோலைச் சுண்டினால் தக்கை 'டப்' என்று தண்ணீரை அறையும், மணிகள் உரசிக் கிலுகிலுக்கும். மேல்மட்டத்தில் வேறொரு மீன் இரை பிடிக்கிறது என்று நினைத்து ரெட்ஃபிஷ் என்னும் மீன் தேடி வரும். முதலில் வந்ததெல்லாம் கெளுத்திதான். முள் குத்தினால் கடுக்கும் என்று மாமா குறடால் பிடித்து விடுவித்தார்.

பிறகு மகள் கையை நீட்டினாள். புல்லுக்கு மேலே ஒரு வால் நின்றது. நண்டைத் தேடித் தலையைக் கீழே கவிழ்த்து மேயும்போது ரெட்ஃபிஷின் வால் இப்படி வெளியே தெரியும். தக்கையை அதற்கு முன்னால் விழ வைத்தேன். தக்கை காணாமல் போனது. மீன் எங்கள் கயாக்கையே இழுத்துக்கொண்டு ஒரு திட்டைச் சுற்றிப் போனது. மகள் பக்கவாட்டில் சாயாமல் உட்கார்ந்து துடுப்பால் தடுத்துக்கொண்டே இருந்தாள்.

வலையில் ஏந்தியபோது அப்படி ஒரு செம்பு நிறம். வாலடியில் கண்ணைப் போல ஒரு கறுப்புப் பொட்டு. வயிற்றுக்குள்ளிருந்து கொர், கொர் என்று சத்தம். "மாப்பிள்ளை, இது நம்ம கத்தாளைல்லா!" என்று மாமா பக்கத்துக் கயாக்கிலிருந்து கத்தினார். சொன்னது சரி, இரண்டும் ஒரே குடும்பம்தான்.

அளவுகோலில் 31 அங்குலம். டெக்சாஸில் 20 முதல் 28 அங்குலம் வரை உள்ளதைத்தான் வைத்துக்கொள்ளலாம், ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று. அதற்கு மேல் பெரியது வேண்டுமென்றால் உரிமத்தோடு வரும் சீட்டை மீனில் கட்ட வேண்டும். எங்களுக்கு அந்த எண்ணம் இல்லை. இந்த அளவை எட்டிய மீன் கழியை விட்டுக் கடலுக்குப் போகும். கோடை முடிந்ததும் முகத்துவாரங்களில் கூடி முட்டையிடும். முப்பது வருடத்துக்கு மேலும் வாழும். எழுபதுகளில் செவுள்வலை போட்டு இந்தக் கரையில் ரெட்ஃபிஷை ஏறக்குறைய துடைத்தே விட்டார்கள். 1981-இல் இங்கே பிடிக்கும் ரெட்ஃபிஷை விற்கத் தடை வந்தது, 1988-இல் செவுள்வலைக்கும் தடை. வலையை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் பட்ட பாடு சிறியதல்ல. ஆனாலும் இன்று ஒரு குழந்தை கயாக்கில் உட்கார்ந்து ரெட்ஃபிஷைத் தொட முடிவதற்கு அந்தச் சட்டங்கள்தான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மாமாவிடம் இதைச் சொன்னேன். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடையில் விசைப்படகுகள் கரையில் நிற்பதை அவர் வாழ்நாளில் பார்த்தவர். "சினைக்குப் போற மீனு, விடுங்க" என்றார். வாலைப் பிடித்து, ஓடும் தண்ணீருக்கு எதிரே தலையைக் காட்டி வைத்திருந்தோம். செவுள் நன்றாக அசைய ஆரம்பித்ததும் அதுவே உதறிக்கொண்டு போய்விட்டது.

அடுத்து மாமாவுக்குச் சிக்கியது 24 அங்குலம். தண்ணீரில் வைத்து மீனை வெட்டக் கூடாது, கரை சேரும்வரை தலையும் வாலும் இருக்க வேண்டும். கரையில் மீன் வெட்டும் மேசையில் எல்லோரும் இருபுறச் சதையை மட்டும் எடுத்துக்கொண்டு தலையைப் பெலிக்கன்களுக்கு எறிந்தார்கள். நாங்கள் முழு மீனையும் கொண்டுபோய் அத்தையிடம் கொடுத்தோம். தலை குழம்புக்குப் போனது, நடுத்துண்டம் மிளகாய்த்தூள் தடவி வறுவலுக்கு. சதை கத்தாளையைவிடக் கொஞ்சம் கெட்டி என்பது அத்தையின் தீர்ப்பு. புளியை அதற்கேற்பக் கூட்டியிருந்தார்.

மறுநாள் காற்று நிற்கவே இல்லை. கயாக்கைத் தொடாமல் டார்ப்பன் இன் என்ற பழைய விடுதிக்கு நடந்தோம். அதன் சுவரெல்லாம் மீன் செதில்கள். ஒன்றில் 1937-இல் இங்கே டார்ப்பன் மீன் பிடித்த அன்றைய அதிபர் ரூஸ்வெல்ட்டின் கையெழுத்து. அது அடுத்த பகுதியில்.