கரையேறிய கப்பல்

கப்பல் மூழ்கின கதை என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். எத்தனையோ படித்திருக்கிறேன். ஆனால் தண்ணீருக்குள் பத்திரமாக இருந்து, வெளியே வந்து மாண்டுபோன கப்பலைப் பற்றிப் படித்தது ஒரே ஒரு தடவைதான். அதன் பெயர் 'ஆல்வின் கிளார்க்'.

அமெரிக்காவிலுள்ள மிச்சிகன் ஏரிக்கு ஏரி என்று பெயரே தவிர, கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியாது. 1846-ல் கட்டிய இந்தப் பாய்க்கப்பல், 1864 ஜூன் 29-ந் தேதி, மரம் ஏற்றி வருவதற்காகக் காலியாகப் போய்க்கொண்டிருந்தது. ஏரியின் ஒரு கிளையான கிரீன் பே குடாவில் திடீரென்று கிளம்பிய சூறைக்காற்று அதைக் கவிழ்த்துவிட்டது. கப்பல் தலைவன் உள்பட மூன்று பேர் உயிரிழந்தார்கள்.

1967-ல் மீனவர் வலை ஒன்று அங்கே எதிலோ சிக்கிக்கொண்டது. வலையை விடுவிக்க இறங்கியவர் ஃபிராங்க் ஹாஃப்மன் என்ற முக்குளிப்பாளர். சுமார் நூறடி ஆழத்தில் ஒரு முழுக் கப்பல், பாய்மரங்கள் நின்றது நின்றபடியே இருந்தது!

அப்புறம் அவருக்குத் தூக்கம் எங்கே வரும்? நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு இரண்டு வருஷம் சேற்றை அள்ளினார். 1969-ல் கப்பல் மேலே வந்தது. உள்ளிருந்த ஜலத்தை இறைத்ததும் தானாகவே மிதந்தது. கரையில் ஒரே ஆரவாரம். நான் அங்கே இருந்திருந்தால் எல்லோரையும்விட உரக்கக் கூவியிருப்பேன்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. அது உப்பில்லாத குளிர்ந்த நீர். கடலில் மரத்தைத் துளைக்கும் புழு அதில் இல்லை. மரத்தின் உள்ளே ஊறியிருந்த நீரே அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. காற்றுப் பட்டதும் மரம் உலர்ந்து சுருங்கியது, பிளந்தது, உளுத்தது. ஸ்வீடன் தேசத்தார் 1961-ல் 'வாஸா' கப்பலை எடுத்தபோது, மருந்து கலந்த நீரைப் பதினேழு வருஷம் அதன்மேல் தெளித்தார்கள். அதற்கெல்லாம் வேண்டிய பணம் ஹாஃப்மனுக்குக் கிடைக்கவில்லை. மெனாமினீ என்ற ஊரில் கப்பலை நிறுத்தி, டிக்கெட் போட்டுக் காட்டினார். டிக்கெட் காசில் கப்பல் பிழைக்குமா?

1994-ல் எஞ்சியிருந்ததை இயந்திரம் வைத்து இடித்துத் தள்ளினார்கள். ஏரி நூற்றைந்து வருஷம் காப்பாற்றிக் கொடுத்ததை மனிதர்களால் இருபத்தைந்து வருஷம் வைத்துக்கொள்ள முடியவில்லை.

ஹாஃப்மன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தாம் பெற்றெடுத்ததுபோல் எடுத்த கப்பல் வருஷத்துக்கு வருஷம் உதிர்வதைக் கண்ட அந்த மனிதரின் நெஞ்சு என்ன பாடு பட்டிருக்கும்! என்னை உறுத்துவது கரையில் நின்ற கூட்டந்தான். காசு கொடுத்து, ஒரு முறை பார்த்து, "அடடா!" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். கண்டெடுப்பதற்கு மாலை மரியாதை உண்டு. தினந்தோறும் துடைத்துப் பாதுகாப்பதற்கு யார் மேளம் கொட்டப் போகிறார்கள்?

இப்போதெல்லாம் அந்த ஏரிகளில் கிடக்கும் கப்பல்களைப் பெரும்பாலும் கிடந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்த்துவிட்டு, வெறுங்கையுடன் மேலே வருகிறார்கள். ஆசைப்பட்ட பொருளைத் தொடாமல் திரும்புவதற்கும் ஒரு தைரியம் வேண்டித்தான் இருக்கிறது.