உடன்பிறந்தோர்க்கும் உரிய செய்தி

ஒருவருக்குக் கல்லீரல் கெட்டது என்று கேட்ட மாத்திரத்தில், 'குடித்துக் கெடுத்துக்கொண்டார்' என்று தீர்ப்பெழுதிவிடுவது நம்மிடையே ஊறிப்போன வழக்கம். மதுவைத் தொட்டறியாதவர்க்கும் ஈரல் நலியும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நீரிழிவாலும் உடற்பருமனாலும் ஈரலில் கொழுப்பேறுகிறது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே ஈரலைப் பகைத்துத் தாக்கும் நோயும் உண்டு. பெற்றோரிடமிருந்து மரபுவழி வந்து சேரும் ஈரல் நோய்களும் உண்டு. அவற்றுள் ஒன்று எங்கள் இல்லத்தில் புகுந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன. அதனோடு வாழ்ந்து நாங்கள் கற்றவற்றுள், பிறர்க்கும் பயன்படத்தக்க ஒன்றை இங்கே சொல்ல விழைகிறோம்.

நாங்கள் இருவரும் அத்தை மகனும் மாமன் மகளுமாக உறவுக்குள் மணந்தவர்கள். நெருங்கிய உறவில் மணக்கத் திருச்சபைச் சட்டத்தில் தடை உண்டாதலால், ஆயரிடம் விலக்குப் பெற்றே எங்கள் திருமணம் நடந்தது. இறைவன் அருளிய மக்கள் மூவர். 2006ஆம் ஆண்டில் இரண்டாம் மகனுக்கு வயது 13. அதற்கு முந்திய ஆண்டில் இருமுறை காமாலை வந்து நீங்கியிருந்தது. பின்னர் அவனுடைய கையெழுத்துச் சிதைந்தது, பேச்சுக் குழறியது, தண்ணீர்க் குவளையை ஏந்தும்போது கை நடுங்கியது. பள்ளியில் சோம்பல் என்றார்கள். உறவினர் சிலர் காற்றுக் கருப்பு என்றார்கள். காமாலையும் கையெழுத்தும் ஒரே நோயின் இரு முகங்கள் என்று எவர்க்குத் தோன்றும்?

ஒரு மருத்துவருக்குத் தோன்றியது. வயிற்றைச் சோதித்தவர் எங்களைக் கண் மருத்துவரிடம் அனுப்பினார். ஈரல் நோய்க்குக் கண்ணைப் பார்ப்பானேன் என்று திகைத்தபடியே சென்றோம். கருவிழியின் விளிம்பில் பழுப்பும் பச்சையும் கலந்த மெல்லிய வளையம் ஒன்று கருவியில் தெரிந்தது. அது செம்பு படிந்த வளையம். இரத்தத்தில் செருலோபிளாஸ்மின் என்னும் புரதம் குறைந்திருந்தது. 24 மணி நேரம் சேர்த்த சிறுநீரில் செம்பு மிகுந்திருந்தது. நோயின் பெயர் வில்சன் நோய் என்றார்கள்.

1912இல் சாமுவேல் கின்னியர் வில்சன் என்ற நரம்பியல் மருத்துவர் லண்டனில் இருந்து இதனை விரிவாக எழுதினார். ஏறத்தாழ 30,000 பேரில் ஒருவருக்கு வருவது. நாம் உண்ணும் உணவில் சிறிதளவு செம்பு இருக்கிறது. உடலுக்கு அது தேவையும்கூட. மிஞ்சியதை ஈரல் பித்தநீர் வழியே வெளியேற்றிவிடும். அந்தப் பணிக்குரிய மரபணு 1993இல் கண்டறியப்பட்டது. தாயிடமிருந்து வந்த பிரதி, தந்தையிடமிருந்து வந்த பிரதி இரண்டுமே பழுதானால், செம்பு ஈரலில் தேங்கி, அங்கிருந்து மூளைக்கும் கண்ணுக்கும் கசிகிறது.

முன்னாளில் இந்நோய் கண்டவர் பிழைப்பதரிது. 1956இல் ஜான் வால்ஷ் என்ற ஆங்கிலேய மருத்துவர், பெனிசிலமைன் என்ற மருந்து செம்பைப் பிணைத்துச் சிறுநீரில் வெளியேற்றும் என்று வெளியிட்டார். நோயாளிக்குக் கொடுக்குமுன் தாமே அதை விழுங்கிப் பார்த்தவர் அவர். அதே மருந்துதான் எங்கள் மகனுக்கும். முதற் சில மாதங்களில் நடுக்கம் குறையாமல் கூடியது. சிலர்க்கு அவ்வாறு நேரும் என்று மருத்துவர் முன்னரே சொல்லியிருந்ததால் பொறுத்திருந்தோம். ஓராண்டிற்குப்பின் அவன் எழுத்து மீண்டும் வரிக்குள் நின்றது. இன்று ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறான்.

ஆயினும் நாங்கள் சொல்ல வந்தது அவனைப் பற்றி அன்று. நோய் உறுதியான அன்று மருத்துவர் கேட்ட வினா: "மற்ற இரு பிள்ளைகளையும் என்று அழைத்து வருகிறீர்கள்?" பெற்றோர் இருவரிடமும் ஒவ்வொரு பழுதான பிரதி இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. மூத்தவனுக்கு நோயில்லை. ஒன்பது வயது மகள், ஓடியாடிக் கொண்டிருந்தவள், காய்ச்சல்கூட அதிகம் கண்டறியாதவள். அவளுக்கு இருந்தது.

அவளுக்குத் துத்தநாக மருந்து தந்தார்கள். உணவிலுள்ள செம்பு குடலிலேயே தடுக்கப்பட்டுக் கழிந்துவிடும். உணவுக்கு இடைவெளி விட்டு, நாள்தோறும், வாழ்நாள் முழுவதும் உண்ண வேண்டும். "எனக்குத்தான் ஒன்றுமில்லையே, அப்பா?" என்று அவள் கேட்காத மாதமில்லை. நோயுற்றவனை மருந்துண்ணச் செய்வது எளிது. நலமாக இருப்பவளை உண்ணச் செய்வது கடினம். ஆனால் நலமாக இருக்கிறோமே என்று மருந்தை நிறுத்தியவர்களின் ஈரல் திடீரெனச் செயலிழந்து உயிர் போனதுண்டு. வீட்டு வழக்கங்களும் மாறின. கல்யாணச் சீராக வந்த செப்புக் குடத்தில் நீர் வைப்பதை விட்டோம். இரத்தம் ஊறும் என்று பாட்டி பரிந்தளிக்கும் ஆட்டு ஈரலும், கடற்கரை ஊரின் நண்டும் இறாலும், முந்திரிப் பருப்பும் விலக்காயின.

பின்னர், இருவர் பக்கத்து உறவினர்க்கும் எழுதினோம்: உங்கள் பிள்ளைகளையும் சோதித்துவிடுங்கள் என்று. எங்கள் குடும்பத்திற்குக் கறை பூசுகிறீர்களா என்று சினந்தவர்கள் உண்டு. ஒரு வீட்டார் நெடுநாள் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. மற்றொரு வீட்டார் தம் மூன்று பிள்ளைகளையும் அழைத்துச் சென்றனர். ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு நோய் தொடங்கியிருந்தது. நடுக்கமோ காமாலையோ காணாமலே அவள் வளர்ந்துவிட்டாள்.

மகளின் திருமணப் பேச்சு எழுந்தபோது, "மாத்திரையைச் சத்து மாத்திரை என்று சொல்லிவிடுங்கள்" என்று அறிவுரை கூறினார்கள். மறைத்துக் கட்டிக் கொடுத்தால், புகுந்த வீட்டில் அவள் ஒளித்து ஒளித்து உண்ண வேண்டும். ஒளித்து உண்ணும் மருந்து ஒருநாள் நின்றுபோகும். ஆகையால், கோவிலில் ஓலை வாசிக்கப்படுமுன், பெண் கேட்டு வந்தவர்களிடம் முழுதும் சொன்னோம். இரு வீட்டார் திரும்பிப் போயினர். மூன்றாவது வீட்டார் மருத்துவரிடமே வந்து கேட்டார்கள். உறவல்லாத குடும்பம், பழுதான பிரதியைச் சுமப்போர் தொண்ணூறு பேரில் ஒருவரே என்பதால், பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு, கருவுற்றிருக்கும் காலத்திலும் மருந்தை நிறுத்தலாகாது என்று அவர் விளக்கினார். அவர்கள் சம்மதித்தார்கள். 2023இல் மணம் நடந்தது.

அன்பர்களே, உங்கள் இல்லத்துச் சிறுவர்க்கோ இளைஞர்க்கோ காரணம் விளங்காமல் ஈரல் நலிந்தால், கண்ணையும் செம்பின் அளவையும் சோதிக்க வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். நோய் உறுதியாயின், அச்செய்தி அந்தப் பிள்ளைக்கு மட்டும் உரியதன்று, உடன்பிறந்தோர்க்கும் உரியது. அதைக் குடும்ப மானத்தின் பெயரால் பூட்டி வைக்காதீர்கள்.