ஈரி வாவியைக் கடந்து வரும் குருவிகள்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே, ஈரி வாவிக்குள் சுமார் 25 மைல் தூரம் நீண்டு கிடக்கிறது ஒரு மணற்றிட்டு. லோங் பொயின்ற் என்பது அதன் பெயர். ரொறன்ரோவிலே உறவினரைக் காணச் செல்லும் நம்மவர் பெரும்பாலும் நயகரா நீர்வீழ்ச்சியோடு திருப்தியடைந்து விடுவர். நாம் மே மாதத்து அதிகாலையொன்றில் இச்சதுப்பு நிலத்தை நாடிச் சென்றோம்.

மத்திய அமெரிக்காவிலும் கரிபியன் தீவுகளிலும் பனிக்காலத்தைக் கழித்த சிறு குருவிகள் வசந்தத்திலே வடக்கு நோக்கிப் புறப்படுகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை இரவிலே பறப்பவை. வாவியைக் கடந்து களைத்து வருவனவற்றிற் பலவற்றுக்கு விடியற் போதில் முதலிற் கிட்டும் தரை இத்திட்டுத்தான். 1866 ஆம் ஆண்டில் வேட்டைப் பிரியர் சிலர் சங்கமாகக் கூடி இதன் பெரும் பகுதியை விலைக்கு வாங்கினர். வாத்துச் சுடுவதற்கென அவர்கள் பேணிய சதுப்பு நிலம் இன்று குருவிகளுக்குப் புகலிடமாயிருப்பது விந்தையே.

இங்கே 1960 ஆம் ஆண்டு தொடக்கம் பறவை ஆய்வு நிலையம் ஒன்று நடைபெற்று வருகிறது. பற்றைகளுக்கிடையே மெல்லிய கரிய நூல்வலைகள் கட்டப்பட்டுள்ளன. அருகிற் சென்றாலும் கண்ணுக்குப் புலப்படுவது அரிது. தொண்டர்கள் அடிக்கடி சுற்றிவந்து, சிக்கிய குருவிகளை விடுவித்துத் துணிப்பைகளில் இட்டுக் கொண்டுவருகின்றனர்.

ஓர் இளம்பெண் மக்னோலியா வாப்ளர் என்னும் குருவியைக் கையிலெடுத்தார். மஞ்சள் மார்பிலே கரிய கோடுகள். கழுத்தை இரு விரல்களுக்கிடையே இலேசாக அடக்கி, எண் பொறித்த அலுமினிய வளையத்தைக் காலில் இட்டார், சிறகை அளந்தார். பின்னர் வயிற்று இறகுகளை வாயால் ஊதி விலக்கினார். தோலின் கீழ் மஞ்சளாகத் தெரிந்தது கொழுப்பு. நெடும்பயணத்துக்கு அது கட்டி வந்த கட்டுச்சோறு அதுவே! சிறு குழாயினுள் தலைகீழாக இட்டு நிறுத்தபோது 8 கிராம் அளவே இருந்தது. இரண்டு தேக்கரண்டிச் சீனியின் நிறை கொண்ட உயிர், கடல் கடந்து வந்திருக்கிறது.

இவ்வாறு எண்ணிட்ட அலுமினிய வளையத்தைக் கொண்டு பறவைகளை ஒழுங்காக ஆராயும் முறையை 1899 இல் தொடக்கிவைத்தவர் டென்மார்க்கின் வீபோர்க் நகரத்துப் பாடசாலை ஆசிரியரான மோர்ற்றென்சன் என்பவர். ஆசிரியத் தொழிலிலுள்ள எமக்கு இச்செய்தி தனியின்பம் தந்தது.

வளையமிட்ட சிறு குருவிகள் நூற்றில் ஒன்றுதானும் வேறிடத்தில் மீண்டும் அகப்படுவது அரிது. எனினும் ஆண்டுதோறும் ஒரே முறையில், ஒரே இடத்தில் எண்ணுவதாலேதான் கூடுதல் குறைதல் தெரிகின்றது. பல வகைக் கணக்கெடுப்புகளையும் ராடார் பதிவுகளையும் ஆராய்ந்த அறிஞர், 1970 இலிருந்து வட அமெரிக்கா சுமார் 300 கோடிப் பறவைகளை இழந்துவிட்டதென 2019 இல் அறிவித்தனர். மாரிதோறும் நம் நாட்டுக்கு வந்துபோகும் ஆறுமணிக் குருவியை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

ஒன்பது மணியளவில் மழை தூறத் தொடங்கிற்று. நனைந்த குருவி வலையிற் கிடந்தால் குளிரில் இறந்துவிடும். எனவே தொண்டர்கள் ஓடிச்சென்று வலைகளையெல்லாம் சுருட்டிக் கட்டினர். அன்றைய பதிவேட்டில் நேரம் குறிக்கப்பட்டது. எஞ்சிய பைகளிலிருந்த குருவிகளுக்கு விரைந்து வளையமிட்டு, ஒவ்வொன்றாகப் பற்றைகளின் பக்கம் பறக்கவிட்டனர்.