ஒரு பல் செய்த வேலை

ரெண்டு வாரமா ஏன் ஆளையே காணோம்னு கேட்டவங்களுக்குப் பதில்: எஞ்சினுக்குள்ள இருந்தேன். நிஜமாத்தான்.

நம்ம வண்டி 1995-ம் வருஷத்து ஹோண்டா சிவிக், 1.6 லிட்டர். என்னைவிட வயசில் மூத்தது. தண்ணி ஹோஸ் ஒழுகுதுன்னு தெரிஞ்சும் "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்"னு ஓட்டினேன். டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்ட பிறகும் நாலு மைல் ஓட்டினேன். ஹெட் கேஸ்கட் போச்சு, ஹெட்டும் வளைஞ்சுது. வண்டி மேல குத்தமே இல்லை, எல்லாம் என் சோம்பேறித்தனம். மெக்கானிக் கேட்ட கூலிக்கு இன்னொரு பழைய காரே வாங்கலாம். வாங்கவும் காசில்லை. திங்கட்கிழமை இன்டர்ன்ஷிப் ஆரம்பம். 40 மைல் தூரம், மிச்சிகனில் அந்தப் பக்கம் பஸ்ஸும் கிடையாது.

சரி, நாமே பிரிச்சு மாட்டுவோம்னு நானும் ரூம்மேட்டும் வீட்டு ஓனர் கராஜில் இறங்கிட்டோம். ஹெட்டை மெஷின் ஷாப்பில் கொடுத்து மட்டம் தேய்ச்சு வாங்கினோம். புது ரிங், புது பேரிங், புது கேஸ்கட். எல்லாம் ஒழுங்காத்தான் போச்சு, டைமிங் பெல்ட் வரைக்கும்.

தெரியாதவங்களுக்கு ஒரு குட்டி விளக்கம். பிஸ்டனை ஏத்தி இறக்குவது கீழே இருக்கும் கிராங்க். வால்வைத் திறந்து மூடுவது மேலே இருக்கும் கேம். இழு, அமுக்கு, வெடி, வெளியே தள்ளு என்று நாலு வேலை முடிய கிராங்க் ரெண்டு சுத்து சுத்தும், கேம் ஒரே சுத்து. அதனால்தான் மேலே இருக்கும் சக்கரத்தில் கீழே இருப்பதைப்போல ரெண்டு மடங்கு பல். ரெண்டையும் கட்டி வைப்பது ஒரு ரப்பர் பெல்ட். இந்த எஞ்சினில் பிஸ்டன் ஏறி வரும் இடமும் வால்வு இறங்கும் இடமும் ஒண்ணுதான். பெல்ட் அறுந்தாலோ சில பல் தள்ளி மாட்டினாலோ பிஸ்டன் வால்வை முட்டி வளைச்சிடும்.

கேம் சக்கரத்தில் 'அப்' என்ற எழுத்து உச்சியில் நிக்கணும், ரெண்டு பக்கக் கோடும் ஹெட்டின் மேல் மட்டத்தோடு நேரா இருக்கணும். கிராங்க் பல்சக்கரத்தில் உள்ள புள்ளி ஆயில் பம்ப் மேல் உள்ள அம்புக்கு நேரா வரணும். அப்படியே வெச்சு பெல்ட்டை மாட்டினோம். கவர் போட்டு, புல்லி போட்டு, சரி பார்க்கலாம்னு கையால் சுத்தினோம். புல்லியில் ஒரு கோடு முள்ளுக்கு நேரா வந்தது. மேலே பார்த்தா 'அப்' இன்னும் உச்சிக்கு வரலை!

மணி ராத்திரி 1. "மாப்ள, ஒரு பல் தப்பிடுச்சுடா"ன்னான் ரூம்மேட். டென்ஷனரைத் தளர்த்தி ஒரு பல் தள்ளி மாட்டினோம். கிட்டத்தட்ட நேரா வந்துடுச்சு. சாவியைக் கையில் எடுத்துட்டேன். என்னவோ மனசு கேக்கலை. நாமக்கல்லில் லாரி பட்டறை வெச்சிருக்கும் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். அங்கே பகல்.

"கிட்டத்தட்டன்னா என்ன கண்ணு அர்த்தம்?"

"ஒரு நூல் தள்ளி நிக்குதுங்க சித்தப்பா."

"அப்ப தப்புன்னு அர்த்தம். சாவியைக் கீழ வை. எங்க டீசல் எஞ்சின்ல பெல்ட் ஏது, எல்லாம் பல்சக்கரம். ஆனா கணக்கு ஒண்ணுதான். கோட்டைக் கேக்காத, பிஸ்டனைக் கேளு. ஒண்ணாம் நம்பர் பிளக்கைக் கழட்டிட்டு ஒரு குச்சி விட்டுப் பாரு."

ஜூஸ் குடிக்கிற நீள ஸ்ட்ரா ஒண்ணை விட்டோம். அந்தக் கோட்டில் நிறுத்திட்டு மெதுவா மேலும் சுத்தினால், ஸ்ட்ரா இன்னும் ஏறுது! ரெண்டு மில்லிமீட்டர் இருக்கும். அது நின்ன இடத்தில் புல்லியைப் பார்த்தால், முள்ளுக்கு நேரா தனியா ஒரு வெள்ளைக் கோடு.

அப்பத்தான் உறைச்சுது. புல்லியில் ரெண்டு இடத்தில் குறி இருக்கு. மூணு கோடு சேர்ந்து, நடுவில் சிவப்பு இருப்பது இக்னிஷன் பார்க்க. பிஸ்டன் உச்சிக்கு 16 டிகிரி முன்னாடி. சுத்தும்போது முதலில் வருவது அதுதான். தனி வெள்ளைக் கோடுதான் உச்சி. சக்கரத்தில் ஒரு பல் என்பது அந்த 16 டிகிரியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அந்த வித்தியாசம்தான் எங்க 'கிட்டத்தட்ட'. முதலில் சரியாத்தான் மாட்டியிருக்கோம், சரி பண்றோம்னு கெடுத்திருக்கோம்.

ஒரு பல்லுக்கு வால்வு வளையாம தப்பிச்சிருக்கலாம், ஸ்டார்ட்டும் ஆகியிருக்கலாம். ஆனா இழுக்காது, உதறும். டிஸ்ட்ரிபியூட்டரும் கேம் முனையில்தான் இருக்கு, இக்னிஷனும் சேர்ந்து தப்பியிருக்கும். காரணம் தெரியாம திரும்ப முழுசாப் பிரிச்சிருப்போம்.

பெல்ட்டைப் பழைய இடத்துக்கே கொண்டு வந்தோம். பெல்ட் படிய ஆறு சுத்து, பிறகு உச்சியில் நிறுத்தி, டென்ஷனர் போல்ட்டைத் தளர்த்தி, கேம் சக்கரம் மூணு பல் நகரும் அளவு திருப்பி, போல்ட்டை இறுக்கினோம். இந்த எஞ்சின் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுத்தும். பெரும்பாலான எஞ்சின்கள் அதுக்கு நேர்மாறு, ஜாக்கிரதை. மறுபடி ரெண்டு முழுச் சுத்து. வெள்ளைக் கோடு, 'அப்', ஸ்ட்ரா மூணும் ஒத்துப்போச்சு.

விடிகாலை 3 மணிக்குச் சாவியைத் திருப்பினேன். நாலைஞ்சு செகண்ட் சும்மா சுத்தினதில் எனக்கு உயிரே போச்சு. அப்புறம் பிடிச்சுது பாருங்க! ரெண்டு பேரும் கத்தின கத்தில் ஓனர் வீட்டு விளக்கு எரிஞ்சுது.

திங்கட்கிழமை 40 மைலும் முள்ளையே பார்த்துக்கிட்டு ஓட்டினேன். சித்தப்பாகிட்ட சொன்னேன். "என் கூலி எப்ப வரும்?"னு கேட்டார்.

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது: கையால ரெண்டு சுத்து சுத்தாம சாவியைத் தொடாதீங்க. சந்தேகம் வந்தா பெல்ட்டை நகர்த்தாதீங்க, முதல்ல பிஸ்டனைக் கேளுங்க. முக்கியமா, ஹோஸ் ஒழுகினா அன்னிக்கே மாத்துங்க.